குருத்தோலை முதல் குருத்தோலை வரை

கிரான்ஃபெல்ஸ் கோட்டை
1322, புனித மிக்கேல் திருநாள் கழிந்து மூன்றாம் நாள்

பிரியமுள்ள யூட்டா அக்காவுக்குத் தம்பி எக்பெர்ட் எழுதுவது. தேவமாதா தயவால் இங்கே எல்லாரும் சுகம், என் கடைவாய்ப் பல்லைத் தவிர. நீ சுகமா? பார்லி நன்றாக வந்ததா? புதுப் பீர் புளிக்காமல் இருக்கிறதா? எதிர்வீட்டுத் தோல்காரர் மூன்றாம் கல்யாணம் செய்துகொண்டாரா? செய்துகொண்டார் என்றால் யாரை? உடனே எழுது, தெரியாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

இங்கே பெரிய ரகளை. கூனோ பிரபுவின் குதிரைக்காரன் டீட்மார் ஓடிப்போய்விட்டான். சின்ன வயதில் நம்மோடு ஓடையில் நண்டு பிடிப்பானே, அதே டீட்மார்தான். திருநாள் பூசைக்கு எல்லாரும் போயிருந்தபோது ஆளைக் காணவில்லை. பிரபுவின் போர்க்குதிரை கிரிம் அவன் ஒருவனுக்குத்தான் அடங்கும். அவன் போன பிறகு அது இரண்டு பேரைக் கடித்துவிட்டது, கோட்டைச் சாமியாரையும் சேர்த்து.

பிரபு என்னைக் கூப்பிட்டு, "டேய் எக்பெர்ட், அவன் ஏதாவது ஊர் மதிலுக்குள்ள புகுந்திருந்தா எனக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும்தான் கெடு. அதுக்குள்ள பிடிக்கலேன்னா அவன் என் ஆள் இல்ல, சுதந்திர மனுஷன். உங்கக்கா லிண்டாக்லதானே பீர் காய்ச்சுறா? கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன். அவனுக்குக் குதிரை கடித்துப் பாதியான வலது காது. பார்த்தால் தெரியும்.

அவன் ஏன் ஓடினான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீயும் நானும் பிறந்ததும் பிரபுவுக்கு அடிமைப்பட்ட வீட்டில்தான். அத்தான் மூன்று பீப்பாய் ஒயின் கொடுத்து உன்னை மீட்டுக்கொண்டு போனார். நான் எழுத்துப் படித்ததால் கையில் இறகும் மையும் வந்தது. ஆனாலும் நான் அவர் ஆள்தானே? நான் ஓடவில்லையே!

அத்தானின் ஆத்துமாவுக்காக இங்கே பூசையில் வேண்டிக்கொள்கிறேன்.
உன் தம்பி, எக்பெர்ட்.


லிண்டாக் நகரம்
மார்ட்டின் திருநாள்

அன்புத் தம்பி எக்பெர்ட்டுக்கு, உன் பல்லுக்கு ஆண்டவர் இரக்கம் காட்டட்டும். கிராம்பு நாலு முடிந்து உப்பு வண்டிக்காரர் மெங்கோஸிடம் கொடுத்திருக்கிறேன். கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன் என்று கோபிக்காதே, வேலை அதிகம். தோல்காரர் மெழுகுவர்த்திக்காரியின் விதவை மகளைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு அவரைவிட அவருடைய சந்துவீட்டின் மேல்தான் பிரியம் என்று பேச்சு. நான் சுகம். பார்லி நன்றாக வந்தது, பீரும் புளிக்கவில்லை. வாத்து வறுத்தோம். குளிர் முன்னாலேயே வந்துவிட்டது.

கிரிம் பாவம். அதை யாரும் நேர் எதிரே நின்று தொட வேண்டாம் என்று சொல். இடப்பக்கமாகப் போய்க் காதுக்குப் பின்னால் சொறிந்தால் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பழைய ரொட்டி கொடுத்தால் இன்னும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா, யூட்டா.


கிரான்ஃபெல்ஸ் கோட்டை
லூசியம்மாள் திருநாள்

பிரியமுள்ள அக்காவுக்கு, கிராம்பு வந்தது, பல் தணிந்தது. நீ காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

சொறிந்தோம். நின்றது! பிரபு அசந்துபோய், "இத யாருடா சொன்னது?" என்றார். மெங்கோஸ் வழியாக வந்த யோசனை என்றேன். அதுவும் உண்மைதானே.

அக்கா, நீ இங்கிருந்து போனபோது கிரிம் பிறக்கவே இல்லை. அதன் காதுக்குப் பின்னால் எங்கே அரிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள். என் கடிதத்தில் இருந்த எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாய், ஒன்றைத் தவிர. அதையும் நான் கவனிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்து நான் பிரபுவுக்குச் சத்தியம் செய்தவன். அவர் கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்காததைச் சொல்வதாகச் சத்தியம் இல்லை. அதனால் எனக்கு எதுவும் எழுதாதே. எழுதினாலும் தெளிவாக எழுதாதே. ஆனால் ஏதாவது எழுது! மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை.

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும்.
எக்பெர்ட்.


லிண்டாக்
மெழுகுவர்த்தித் திருநாள், 1323

அன்புத் தம்பிக்கு, ஆசீர்வதித்த மெழுகுவர்த்தி ஒன்று உனக்காகவும் ஏற்றினேன். இங்கே சுகம்.

எங்கள் தெருவில் ஒருத்தி இருக்கிறாள். புருஷன் இல்லாதவள். அவள் வீட்டுப் பரணில், பார்லி மூட்டைகளுக்கு நடுவில், ஒரு மனுஷன் நாலு மாதமாக இருக்கிறான். வெளியே தலைகாட்டுவதில்லை. மூட்டை தூக்குகிறான், பீப்பாய் கழுவுகிறான், வாய் திறந்து அதிகம் பேச மாட்டான். சின்ன வயதில் தெரிந்தவனாம். அவனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. ஆனால் அவன் இன்னும் ஒரு பிரபுவின் ஆள். இன்றைக்குக் கட்டினால் அவளும் அவனோடு போய் அந்தப் பிரபுவுக்கு ஆளாகிவிடுவாள், பிறக்கும் பிள்ளையும் அப்படியே. ஒருமுறை மீட்ட உடம்பு அது. மறுபடி அங்கே போக மாட்டாள், செத்தாலும் மாட்டாள்.

அதனால் காத்திருக்கிறாள். இனி எட்டு மாதம். அவள் செய்வது சரிதானா? நீ படித்தவன், சொல்.

அக்கா.


கிரான்ஃபெல்ஸ் கோட்டை
தவக்காலத்தின் இரண்டாம் வாரம்

பிரியமுள்ள அக்காவுக்கு, கருவாடு தின்று நாக்கு மரத்துப்போய்விட்டது, மற்றபடி சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

உங்கள் தெருக்காரியைப் பற்றி. நான் சும்மா இருக்க முடியாதவன் என்று உனக்குத் தெரியும். மடத்துக்கு ஓலை கொண்டுபோனபோது, சட்டம் படித்த ஒரு சாமியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒளிஞ்சிருக்கிற நாளெல்லாம் கணக்கு இல்ல தம்பி. பரண்ல பத்து வருஷம் கிடந்தாலும் அவன் அடிமைதான். ஊர் பாக்க நடமாடணும், கோவில்ல நிக்கணும், மதில்ல காவல் முறை பாக்கணும். எல்லாரும் பாத்தும் பிரபு வந்து கேக்கலேன்னாதான் விடுதலை. உனக்கு எதுக்கு இது?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் சாமி."

"சும்மா தெரிஞ்சுக்கிறவன் மூஞ்சி இப்படி வெளுக்காதே."

அக்கா, அவளிடம் சொல்லிவிடு. இதுவரை இருந்த ஒரு நாள்கூட எண்ணிக்கையில் இல்லை. அவன் வெளியே வந்தால்தான் முதல் நாளே தொடங்கும். வெளியே வந்தால் யாராவது பார்த்துப் பிரபுவிடம் சொல்லவும் கூடும். என்ன செய்வாள்? எனக்கு எழுதாதே. எழுது.

எக்பெர்ட்.


லிண்டாக்
குருத்தோலை ஞாயிறு, 1323

தம்பிக்கு, சுகம் விசாரிக்க மனசில்லை, மன்னித்துக்கொள்.

அவள் இரண்டு நாள் அழுதாள். ஐந்து மாதத்துக்குமேல் அந்த மனுஷன் வெயில் பார்க்காமல் கிடந்ததெல்லாம் வீண். ஒளித்துவைத்தது அவள் புத்திதான். அவன் எத்தனையோ தரம், "இறங்கி வர்றேனே யூ—" என்று கேட்டானாம். அவள்தான் விடவில்லை.

இன்று இறங்கினான். இந்த வருடம் தவக்காலம் முன்னாலேயே வந்துவிட்டதால் தெருவில் பனி கிடந்தது, குருத்தோலைக்குப் பதிலாக நாங்கள் பிடிக்கும் வில்லோக் கிளையில் மொட்டுகூடச் சரியாக விரியவில்லை. அப்படியே ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, பாதிக் காது எல்லாருக்கும் தெரியத் தொப்பியைக் கழற்றிவிட்டு, பவனியின் நடுவில் நடந்தான். நகர வாசலில் காவல் தலைவர் பேர் கேட்டார். உள்ள பேரைச் சொன்னான். எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் குருத்தோலையிலிருந்து அடுத்த குருத்தோலை, அதன்மேல் ஒரு நாள். மறுபடி முதலிலிருந்து.

யூட்டா.


லிண்டாக்
அருளப்பர் திருநாள் கழிந்து இரண்டாம் நாள்

அன்புத் தம்பிக்கு, சுகமா? நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? கை ஒடிந்ததா? மெங்கோஸைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கார், நல்லாச் சாப்பிடறார்" என்கிறார்.

அருளப்பர் சந்தையில் உன்னைப் பார்த்ததாகத் தோல்காரர் சொன்னார். கிணற்றடியில் நின்று, காவல் முறை முடிந்து ஈட்டியோடு போன ஒருவனை நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாயாம். அவனும் உன்னைப் பார்த்தானாம். அப்புறம் நீ ஒரு நாடா வாங்கிக்கொண்டு போய்விட்டாயாம். என் வீடு கிணற்றிலிருந்து பதினாறாவது வாசல், எக்பெர்ட். பதினாறாவது. ஏன் வரவில்லை?

அக்கா.


கிரான்ஃபெல்ஸ் கோட்டை
தேவமாதா பரலோகம் சென்ற திருநாள்

அக்காவுக்கு, இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். மழை போதுமான அளவு பெய்தது. கோதுமை அறுப்பு முடிந்தது. கோட்டைச் சாமியாருக்கு இருமல். கூரைக்குப் புது ஓடு போட்டார்கள்.

உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

எக்பெர்ட்.


கிரான்ஃபெல்ஸ் கோட்டை
மெழுகுவர்த்தித் திருநாள் கழிந்து நாலாம் நாள், 1324

பிரியமுள்ள அக்காவுக்கு, நீ சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். ஆறு மாதத்துக்குப் பின் எழுதும் செய்தி நல்லது அல்ல.

குதிரை வியாபாரி ஒருவன் லிண்டாக் மதிலில் பாதிக் காதுக்காரனைப் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டான். பிரபு என்னைப் பேழையின் முன்னால் நிற்கவைத்தார். கேட்டதையும் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. அருளப்பர் சந்தைல பாத்தேன்."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. பல் வலித்த பக்கம்.

"எப்பலேர்ந்து வெளிய திரியறான்?"

"போன குருத்தோலை ஞாயிறு பவனிலதான் முதல்ல வெளிய வந்தானாம் ஐயா. ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க."

பிரபு விரல்விட்டு எண்ணினார். "அப்ப இந்தக் குருத்தோலைக்கு மறுநாள் வரைக்கும் அவன் என் ஆள்தான்! அவசரம் இல்ல. இப்பப் பாதையெல்லாம் சேறு. நாற்பது நாள் நோன்புல பாதி போகட்டும், அவன் என் ஆளாத்தான் பொறந்தான்னு சத்தியம் பண்ண அவன் அம்மா வழிச் சொந்தத்துல மூணு பேரத் தேடிப் பிடி. குருத்தோலைக்கு முந்தின வாரம் போறோம்." கோட்டைச் சாமியாரைப் பார்த்து, "சரிதானே சாமி?" என்றார். கிரிம் கடித்த தோளைத் தடவிக்கொண்டு சாமியார் கூரையைப் பார்த்தார்.

வேறு எதுவும் பிரபு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோரிக்கை ஓலையை என் கையால்தான் எழுதினேன். நானும் அவரோடு வருகிறேன். இதற்குமேல் உனக்கு எழுதச் சத்தியம் இடம் தராது.

எக்பெர்ட்.


லிண்டாக்
தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, 1324

எக்பெர்ட்டுக்கு,

நீ சுகமா என்று கேட்க மாட்டேன். உன் கையால் எழுதினாய்! எந்தக் கையை நான் பிடித்து ஓடை தாண்டவைத்தேனோ அந்தக் கையால். எப்போது வெளியே வந்தான் என்பதைக்கூட நீதான் சொல்லிக் கொடுத்தாய். தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? உன் புனிதர் கோபிப்பாரென்றால் கோபிக்கட்டுமே!

குருத்தோலைக்கு இன்னும் மூன்று வாரம். பிரபு வந்து நிற்க ஒரு நாள் போதும். எங்கள் தெருவில் ஒருத்தி என்று இனி எழுத மாட்டேன். நான்தான். டீட்மார்தான். உனக்கு எப்போதோ தெரியும்.

வேறு ஊருக்கு ஓடிவிடலாம் என்று அவன் காலைப் பிடித்தேன். "ஓடினா மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும் யூட்டா. எனக்கு எண்ணி எண்ணி அலுத்துப்போச்சு. வர்றவர் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பீப்பாய் கழுவப் போய்விட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சிய பீர் ஒரு தொட்டி கெட்டுப்போயிற்று. என் வாழ்க்கையில் முதல்முறை.

வராதே. வந்தாலும் என் முகத்தைப் பார்க்காதே.

யூட்டா.


லிண்டாக்
குருத்தோலைக்கு முந்தின செவ்வாய்

எக்பெர்ட்டுக்கு, நீ பத்திரமாகக் கோட்டை போய்ச் சேர்ந்தாயா? உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? இதற்கு முதலில் பதில் எழுது.

நேற்று நகர மன்றத்தில் நீ என்னைப் பார்க்கவில்லை. நான்தானே பார்க்காதே என்றேன். பிரபு குதிரைச் சேற்றோடு உள்ளே வந்ததும், உன் எழுத்தில் உள்ள ஓலையை நீயே வாசித்ததும், டீட்மாரின் மூன்று மாமன்களும் தலைகுனிந்து கையைத் தூக்கியதும் எல்லாம் தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. டீட்மார் மறுக்கவில்லை. "ஆமா, இவர் ஆளாத்தான் பொறந்தேன்" என்றான். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது நகர எழுத்தர் காவல் ஏட்டையும் திருநாள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்கால் பேசினாரே! "போன வருஷக் குருத்தோலை, தேதி மாறாத பெனடிக்ட் திருநாளுக்கு முந்தின நாள் வந்துச்சு. அதுலேர்ந்து ஒரு வருஷமும் ஒரு நாளும், இந்த வருஷம் பெனடிக்ட் திருநாளோட சரி. அது முடிஞ்சு இன்னைக்குப் பன்னிரண்டு நாள்."

"குருத்தோலைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கேய்யா!" என்று பிரபு மேசையைத் தட்டினார்.

"குருத்தோலை நகரும் பிரபுவே. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா திருநாள் தள்ளிப்போனா அதுவும் தள்ளிப்போகும். வருஷம் தள்ளிப்போகாது."

மன்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தோல்காரர் மனைவிமேல் சாய்ந்து விழுந்துவிட்டேன். நானும் டீட்மாரும்கூடக் குருத்தோலையைத்தானே எண்ணிக்கொண்டிருந்தோம்! பெனடிக்ட் திருநாளுக்கு மறுநாள் அவன் சுதந்திர மனுஷனாக எழுந்து, அது தெரியாமல், நாள் முழுக்க வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தான்.

பாஸ்கா வாரம் கழிந்து வரும் ஞாயிறு எங்கள் கல்யாணம்.

நாள் கணக்கு எழுதுகிறவன் நீ. தெரிந்தேதான் இருந்தாயா? போன கடிதத்தில் நான் எழுதியதை அடுப்பில் போடு. பிரபு உன்னை என்ன செய்தார்?

அக்கா.


கிரான்ஃபெல்ஸ் கோட்டை
ஜார்ஜியார் திருநாள்

பிரியமுள்ள அக்காவுக்கு, மணப்பெண்ணுக்குச் சகல நலமும் உண்டாகட்டும். எனக்கு உயிர் இருக்கிறது, தோளில் இரண்டு கடி இருக்கிறது.

தெரியும். பிரபு விரல்விட்டபோதே தெரியும். அந்த எட்டு வாரமும் யாராவது ஒருவர், "இந்த வருஷம் பாஸ்கா எப்ப?" என்று கேட்டுவிடுவாரோ என்று சோறு இறங்கவில்லை. உனக்கு எழுதினால் உன் முகத்தில் தெரிந்துவிடும், ஊரில் பரவும், அவர் காதுக்கு வரும். நீ என்னைத் திட்டிய கடிதத்தை அடுப்பில் போட மாட்டேன். அதை வாசித்து அழுதேன்.

திரும்பி வரும் வழியில் பிரபு கேட்டார். "உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கல ஐயா."

அடிப்பார் என்று நினைத்தேன். பாலம் வந்ததும், "இனி இறகத் தொடாத. கிரிம் உன் பொறுப்பு" என்றார், அவ்வளவுதான். நான் இப்போது குதிரை லாயத்தில் படுக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு மை திருடினேன்.

கடியும் சாணியும் பெரிதில்லை அக்கா. மன்றத்தில் கடைசியாக எழுத்தர் ஏட்டில் எழுதிக்கொண்டே வாசித்தார், நினைவிருக்கிறதா? "டீட்மார், லிண்டாக் நகரத்தான்." அதுவரை அவன் 'கூனோ பிரபுவின் ஆள் டீட்மார்'. நானே நூறு ஓலைகளில் அப்படி எழுதியிருக்கிறேன். அன்று அந்தப் பேர் தனியாக நின்றது. தோல்காரரின் மூன்றாம் மனைவி யார் என்று கேட்டேன், குதிரைக்கு எங்கே அரிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், ஓடினவன் ஏன் ஓடினான் என்று கேட்டேன். என் பேரை யாராவது அப்படி வாசித்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் முப்பது வருடத்தில் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

நாளை மறுநாள், மாற்கு திருநாள், உச்சிவேளையில் வருகிறேன். பெரிய வாசல் வழியாக, தொப்பி இல்லாமல், சந்தை நடுவில் நடந்து வருவேன். என்னை ஒளிக்காதே. வாசலில் பேரை எழுதிக்கொள்ளச் சொல்.

மாற்கு திருநாள் எந்த வருடமும் நகராது. அங்கிருந்து எண்ணு.

உன் தம்பி,
எக்பெர்ட்.